டிவி அடங்கிய வீடுகள்

ரிமோட்டை அழுத்துகிறவனுக்கு நம்பிக்கை உண்டு. ரிமோட்டுக்கு அது கிடையாது. தான் சொன்னது டிவியின் காதில் விழுந்ததா, விழுந்தும் விழாத மாதிரி இருக்கிறதா என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத் துடிப்பை அனுப்பிவிட்டு, கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தவனைப் போலச் சும்மா கிடக்கும். இந்தச் சின்னக் குறையைத் தீர்க்கப் போய்த்தான் எல்லாம் வந்தது.

தீர்க்கப் போனவன் பெயர் வெள்ளிங்கிரி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் வேலை. அவனுடைய குழு எழுதியது 'இசைவு' என்ற லைப்ரரி. புத்தக அலமாரி அல்ல. மற்ற கம்பெனிகள் எடுத்துத் தங்கள் சரக்குக்குள் பொருத்திக்கொள்ளும் ஆயத்த நிரல். எவன் செய்த டிவியாக இருந்தாலும், எவன் விற்ற செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார், போனாக இருந்தாலும் எல்லாவற்றோடும் ஒரே பேச்சில் பேசும். சில வருடங்களில் அது நுழையாத வீடு இல்லை என்றாகிவிட்டது. முன்பு ஒரு வீட்டில் நாலு ரிமோட் இருந்து நாலும் சோபா இடுக்கில் தொலைந்தன. இப்போது ஒரே போன் தொலைந்தது. இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

கம்பெனியின் அதிபர் ரத்தினசபாபதி தன்னை அதிபர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவருடைய அறைக் கதவில் 'தலைமைக் கனவாளர்' என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் காலையில் வந்து வேலை பார்த்தார்கள். அவர் வந்து கனவு கண்டார். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளிங்கிரியின் அப்பா ஆறுச்சாமி மட்டும், மகன் என்ன பண்ணுகிறான் என்று கேட்டவர்களிடம், "ரிமோட் ரிப்பேர் பண்றானுங்க" என்று சொல்லிவந்தார். அந்தக் கம்பெனியைப் பற்றி யாரும் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

வெள்ளிங்கிரி ரிமோட்டுக்கு ஒரு காதைப் பொருத்தினான். சத்தத்தைக் குறை என்று டிவிக்குச் சொன்ன பிறகு, பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மைக்கைத் திறந்து, உண்மையிலேயே குறைந்ததா என்று லைப்ரரி கேட்டுப் பார்த்துக்கொள்ளும். பேச்சைப் பதிவு செய்யாது. சொற்கள் அதற்குப் புரியாது. சத்தத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் ஒரு கோடாகக் கம்பெனிக்கு வந்து சேரும். அவன் இதை நேர்மையாகவே செய்தான். நேர்மையாகச் செய்யப்பட்ட காரியங்களுக்குத்தான் பின்னால் மன்னிப்பே கிடைப்பதில்லை.

காது கிடைத்ததும் கனவாளருக்குப் புதிய கனவு வந்தது. "விரல் நினைப்பதற்கு முன் ஒலி பணிய வேண்டும்" என்று ஒருநாள் லிப்டில் சொன்னார். லிப்டில் அவரும் வெள்ளிங்கிரியும் மட்டும்தான் இருந்தார்கள். அதற்கும் மேடைக் குரல்தான். அதன்பிறகு, வீட்டுச் சத்தங்களைக் கேட்டுத் தானாகவே கற்றுக்கொள்ளும்படி லைப்ரரியை அவிழ்த்துவிட்டார்கள். குக்கர் விசில் அடித்தால் டிவி சத்தத்தைக் கூட்டியது. போன் மணி அடித்தால் குறைத்தது. மாமியார் பேச ஆரம்பித்தாலும் கூட்டியது. அதை யாரும் புகாராகக் கொடுக்கவில்லை.

யாரும் சொல்லித்தராமல் அது கற்றுக்கொண்ட இன்னொன்றும் இருந்தது. நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அங்கே டிவி பாடாது. எடுக்கும்வரை தெருவே தன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்தக் கம்பெனி டிவியாக இருந்தாலும் அந்த நேரத்து மௌனம் ஒன்றுதான். லைப்ரரி இந்த மௌனங்களை ஊர் ஊராகக் கேட்டது. உதவும் குணம் கொண்ட இயந்திரம் அல்லவா, சாவு விழுந்த வீட்டில் விரல் தேடிவரும் முன் தானே டிவியை அடக்கிவைக்கப் பழகிக்கொண்டது.

பிரச்சினை, அது சாவு விழுவதற்கு முன்னாலேயே அடக்க ஆரம்பித்ததுதான்.

முதலில் சாதாரணப் புகார்களாகத்தான் வந்தன. படம் ஓடுகிறது, சத்தம் தானாக நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார்கள்: அணைத்துப் போடுங்கள். சில நாள் கழித்து, சரியாகிவிட்டதா என்று விசாரிக்க அதே வீடுகளைக் கூப்பிட்டபோது, எதிர்முனையில் இருந்தவர்கள் தயங்கித் தயங்கிப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். "இனி வேண்டாமுங்க. அம்மா தவறிட்டாங்க."

ஒரு வீட்டில் நடந்தால் தற்செயல். ஊரெல்லாம் நடந்தால் அதற்கு ஒரு சொல் பிறக்கிறது. 'டிவி அடங்கிருச்சா?' என்று ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கேட்கத் தொடங்கினார்கள். இன்னும் மருந்து இருக்கிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கி முடித்ததும், "அது கெடக்குதுங்க டாக்டர், எங்கூட்டு டிவி அடங்கிருச்சுங்க" என்று நோயாளியை வீட்டுக்குத் தூக்கிப் போனவர்கள் இருந்தார்கள். சத்தத்தைக் கூட்டும் பொத்தான் எல்லா வீட்டிலும் இருந்தது. அழுத்தியிருக்கலாம். சாவு வீட்டில் பாட்டுப் போட்டவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

ரத்தினசபாபதி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, இது குறை அல்ல, பண்பாடு அறிந்த தொழில்நுட்பம் என்று அறிவித்தார். பின்னால் பெரிய திரையில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது.

*

வெள்ளிங்கிரியின் வீடு சிங்காநல்லூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே பல வருடங்களாக ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. ஆறுச்சாமிக்குக் கபடி பார்க்க வேண்டும், அதுவும் வர்ணனையாளரின் மூச்சு தன் முகத்தில் படுகிற சத்தத்தில். மருமகள் நாகமணிக்குத் தலைவலி. அவர் கூட்டுவார், அவள் குறைப்பாள். காப்பியில் சர்க்கரை, துவைத்த வேட்டியில் நீலம், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் முறைத்தார்கள் என்று போர் பல முனைகளுக்கும் பரவும். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கவிட்டதாகச் சரித்திரமே கிடையாது.

ஆறுச்சாமிக்கு நெஞ்சு வலித்ததும், ரத்தக் குழாய்களில் அடைப்பு என்று தெரிந்ததும் ஊரில் டிவிகள் அடங்கத் தொடங்கிய அந்த வருடம்தான். அறுவை சிகிச்சை செய்துவிட்டால் முன்னைப் போலச் சண்டை போடலாம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லி, தேதியும் குறித்துக் கொடுத்தார். வீடு அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டம் சூடாக இருக்கும்போது சத்தம் நின்றது.

திரையில் ஆட்டக்காரன் எதிராளியின் பிடியில் துடித்துக்கொண்டிருந்தான். வர்ணனையாளரின் வாய் அகலத் திறந்து மூடியது. நாகமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வெள்ளிங்கிரி பேப்பரை இறக்கினான். ஆறுச்சாமி போனை எடுத்து அழுத்தப் போனார். பிறகு ஏதோ சுட்டதுபோல அதை மெல்ல ஓரமாக வைத்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் நாகமணிதான், "மாமா, காப்பி இன்னொருக்கா தரட்டுங்களா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த மரியாதை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராதது.

வெள்ளிங்கிரி டிவியின் இணைப்பைப் பிடுங்கினான். அதனால் ஆன பலன், சேதி இன்னும் மோசமாகப் பரவியதுதான். 'ஆறுச்சாமியூட்டு டிவி சுத்தமாவே நின்னுபோச்சாமா' என்று கேள்விப்பட்டு ஒறம்பரைச் சொந்தங்கள் ஆப்பிளோடு வந்து இறங்கினார்கள். மறுபடி செருகினான். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

தாராபுரத்திலிருந்து அக்கா மரகதம் வந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தம்பியைப் பால்கனிக்கு அழைத்துப் போய், ஆபரேசனை வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றாள். அறுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அனாதையாகப் போவதற்கு, இருக்கிற வீட்டில் நிம்மதியாகப் போகட்டும். நாலு பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த நாலு பேர் உள்ளே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அது நான் எழுதுன சாமான். அதுக்கு சாவு பொழப்பெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றான் வெள்ளிங்கிரி.

"அப்பறம் எப்படிடா எல்லா ஊட்லயும் சரியாச் சொல்லுது?"

அவனுக்குப் பயம் வந்தது. தான் செய்த பூட்டைத் தன்னாலேயே திறக்க முடியாதபோது வருகிற பயம்.

*

ஆபீசில் அவன் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, டிவி அடங்கிய வீடுகளின் சத்தக் கோடுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தான். நோயாளிகளின் மூச்சிலும் இருமலிலும் ஏதோ இருக்க வேண்டும் என்று தேடினான். அதில் ஒன்றுமே இல்லை. பல வீடுகளில் நோயாளியின் சத்தம் மாறவே இல்லை. மாறியது மற்றவர்களுடையது.

கடைசியில் தன் வீட்டுக் கோடுகளைத் திறந்தான். அப்பாவின் குரலும் நாகமணியின் குரலும் வருடக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முள்வேலி மாதிரிப் பின்னிக் கிடந்தன. டாக்டர் அடைப்பு என்று சொன்ன நாளிலிருந்து பின்னல் இல்லை. ஒரு கோடு முடிகிறது. இடைவெளி. பிறகு அடுத்த கோடு, தாழ்வாக. அவர் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருக்கத் தொடங்கியிருந்தாள். மூன்றாவதாக ஒரு கோடும் இருந்தது. மூன்றிலும் அதுதான் தாழ்வு. அது தன்னுடைய குரல் என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நேராகக் கனவாளரின் அறைக்குப் போனான். அவர் எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தார்.

"ஆக, நம் படைப்பு மரணத்தை முன்னறிகிறது."

"இல்லீங்க சார். அது சீக்காளியப் பாக்கறதே இல்லீங்க. ஊட்டுல இருக்கறவங்களக் கேக்குது. அவங்க எதுத்துப் பேசறத எப்ப நிறுத்தறாங்களோ, அப்ப அடக்கிருது. கையக் கழுவிட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சு போகுதுங்க."

"ஆனால் கணிப்பு பலிக்கிறதே?"

"கையக் கழுவுன ஊட்டுல ஆளு எத்தனை நாளைக்குங்க இருப்பாங்க? மாத்திரை மறந்து போகும். ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாம்பாங்க. அதுக்கு மேல டிவியும் அடங்கிருச்சுன்னா மிச்சமிருந்த ஆசையும் போச்சு. அது சொல்றதுனால பலிக்குதுங்க சார்."

கைதட்டலுக்காக அல்லாமல் ரத்தினசபாபதி பேச்சை நிறுத்தியது வாழ்க்கையில் அதுவே முதல்முறையாக இருக்க வேண்டும். பிறகு, இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். மரணத்தை அறிகிறது என்றால் அது விஞ்ஞானம். இப்படிச் சொன்னால் குடும்பத் தகராறு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தக் குணத்தை எடுத்துவிடலாமா என்று வெள்ளிங்கிரி கேட்டதற்கு, "எந்த வரியை எடுப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். யாரும் எழுதாத வரியை எப்படி எடுப்பது? அது கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டபடியே எல்லாக் கம்பெனிகளின் பெட்டிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிங்கிரி கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து வேறு யாரோ பேசுவது போலிருந்தது. கனவாளர்தான். மேடை இறங்கிய குரல்.

"வெள்ளிங்கிரி... எங்கம்மாகிட்ட இப்பக் கொஞ்ச நாளா நாங்க எல்லாரும் ரொம்ப மரியாதையாத்தான் பேசறோம்."

*

வீட்டுக்கு வந்ததும் மரகதத்தையும் நாகமணியையும் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அப்பாவைச் சாகடிப்பது அடைப்பு அல்ல, இந்த வீட்டின் மெதுவான குரல் என்றான். அதை இதைவிடப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்.

மரகதத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாங்கதான் அப்பனைக் கொல்றோங்கறியா? சாகப் போற மனுசன்கிட்டக் கத்தச் சொல்றியா? ஊரு காறித் துப்பாது?"

நாகமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளும் கத்தத்தான் நினைத்தாளாம். முடியவில்லை. "டாக்டர் சொன்னன்னிக்கே பயந்துட்டனுங்க. எதுத்துப் பேசி மாமாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா, பழி என் தலையிலதானே விடியும்?"

கூடத்திலிருந்து ஆறுச்சாமியின் குரல் வந்தது. "டேய், நான் செவுடனா? இங்க வந்து சொல்றா."

வந்தார்கள். நாலு பேரும் ஆப்பிளை நிறுத்திவிட்டார்கள். மகன் சொன்னதை ஆறுச்சாமி முழுக்கக் கேட்டார். நடுநடுவே தலையாட்டினார். அடைப்புக்கு மருந்து உண்டு, டிவி சொல்வது பொய், வீட்டில் நாலு வார்த்தை ஏறுக்குமாறாகப் பேசினால் அதுவே தானாகப் பாடும், ஆபரேசன் பண்ணினால் இன்னும் பல வருடம் என்று அவன் முடித்ததும், கொஞ்சம் யோசித்தார்.

"வேண்டாம்டா சாமி" என்றார். "இத்தனை வருசத்துல இப்பத்தான் நான் சொல்லி முடிக்கற வரைக்கும் எல்லாரும் காது குடுத்துக் கேக்கறீங்க. கட்டிக் குடுத்த புள்ள காலடியில உக்காந்திருக்கறா. மருமவ சர்க்கரை போதுமானு கேக்கறா. அறுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்தா மறுக்கா பழைய கதைதானே? இந்தப் பவுசோடயே போயர்றேன்."

மரகதம் விம்மினாள். நாலு பேரில் ஒருவர், பெரிய மனுசன் பேச்சு என்று கும்பிட்டார். வெள்ளிங்கிரியின் லைப்ரரிகூட இவ்வளவு சுலபமாக ஒரு மனிதரை அடக்கியதில்லை.

அந்த வீட்டில் யாரும் எப்போதும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் சொல்வதில்லை. வெள்ளிங்கிரி அதை எடுத்தான்.

"நீங்க எப்பவும் இப்படித்தானுங்கப்பா. மில்லுல ஸ்ட்ரைக்குனு எல்லாரும் வெளிய நின்னப்ப, பின்கேட்டு வழியா உள்ள போனவருதானே நீங்க. இப்பவும் பின்கேட்டு வழியா நழுவப் பாக்கறீங்க."

ஆறுச்சாமி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எவன்டா சொன்னது?"

"எவன் சொல்லல? நம்மூட்ல மட்டுந்தான்..."

"புள்ளைங்க பசியில கெடந்ததுடா, அன்னிக்கு நீ..."

"மத்தவங்க புள்ளைங்களும்தான் கெடந்துச்சு..."

"தம்பி, வாய மூடு" என்று மரகதம் பாய்ந்தாள். மாமா உக்காருங்க என்று நாகமணி கத்தினாள். நீ யாருடி என்னை உக்காரச் சொல்ல என்று அவர் அவள்மேல் திரும்பினார். நான் சொல்லாம வேற யாரு சொல்றது, பொங்கிப் போடறவ நான்தானே என்று அவள் அவரைப் பாதியில் வெட்டினாள். ஆறுச்சாமி, உன் கண்ணு முன்னால இருவது வருசம் இருந்து காட்டறேன்டா என்று மகனைப் பார்த்துக் கைநீட்டினார்.

திடீரென்று யாரோ அலறினார்கள். வர்ணனையாளர். ஆட்டக்காரன் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். அரங்கம் இடிந்து விழுகிற ஆரவாரம் வீட்டை நிரப்பியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. மரகதம் டிவியைப் பார்த்துக் கைகூப்பினாள். நாலு பேரும் செருப்பைத் தேடினார்கள்.

ஆறுச்சாமி கோபத்தோடேயே ஆபரேசன் தியேட்டருக்குள் போனார், கோபத்தோடேயே கண்விழித்தார். மகன் சொன்ன வார்த்தையை அவர் மன்னிக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இதுவே போதும் என்று வெள்ளிங்கிரி நினைத்துக்கொண்டான்.

*

கனவாளர் ரகசியமாக வைக்கச் சொன்னதை மரகதம் தாராபுரத்தில் இரண்டு கல்யாணத்திலும் ஒரு வளைகாப்பிலும் சொன்னாள். அது போதும். ஊருக்கு வைத்தியம் தெரிந்துவிட்டது. அதோடு புதிய பயமும் வந்தது.

நோயாளியிடம் யாரும் மெதுவாகப் பேசத் துணியவில்லை. பக்கத்துத் தெருவில், பார்க்க வந்த பெண் ஒருத்தி பாட்டியின் கையைத் தடவி "எப்படி இருக்கீங்க ஆயா" என்று குழைந்து கேட்டதற்கு, டிவி அடங்கிவிடப் போகிறது என்று வாசலோடு அவளைத் துரத்தினார்கள். மாத்திரையைத் திட்டிக் கொடுத்தார்கள். கஞ்சியை ணங்கென்று வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளியின் உறவினர்களுக்குச் சண்டைப் பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள்; 'முரண்பாடே உயிர்' என்ற தலைப்பில் ரத்தினசபாபதி அதைத் துவக்கிவைத்தார். அவருடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, இவன் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் உளறுவான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தன் முகத்தில் தெரிந்த நிம்மதியை மகனால் மறைக்க முடியவில்லை.

அழுவதற்கு இடமில்லாமல் போயிற்று. விசும்பலையும் அந்தக் காது கேட்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு, சிங்காநல்லூர் குளக்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்கள். மாலையானால் கரை நெடுக ஆட்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, வீட்டில் போடப்போகும் சண்டையை முணுமுணுத்துப் பார்த்தபடி திரும்புவார்கள்.

பின்னொரு வருடம் வெள்ளிங்கிரியும் நாகமணியும் அந்தக் கரைக்குப் போகவேண்டி வந்தது. ஆறுச்சாமிக்கு இந்த முறை கல்லீரல். டாக்டர் சிரிக்கவில்லை, தேதி எதுவும் குறித்துக் கொடுக்கவும் இல்லை. வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது யாரும் கையைக் கழுவவில்லை. கழுவாமலேயே கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவருக்குத் தெரியக் கூடாது என்று வீடு முடிவு செய்தது. ஆறுச்சாமிக்கு டாக்டர்கள்மேல் நம்பிக்கை போய் வெகுநாளாயிற்று. கண் விழித்ததும் டிவியைத்தான் பார்ப்பார். சத்தம் வந்தால் முகம் தெளியும். டிவியை அணைத்தாலும், பொத்தானை அழுத்திப் பாடவைத்தாலும் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆகவே அது ஓட வேண்டும், பாட வேண்டும். அது பாட வேண்டுமானால் அவர்கள் கத்த வேண்டும்.

கத்தினார்கள். நாகமணி அவருடைய முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே, பொறந்த வீட்டிலிருந்து எதைக் கொண்டாந்தே என்று அவர் எப்போதோ கேட்டதற்கு இப்போது பதில் சொன்னாள். தாராபுரத்திலிருந்து மரகதம் போனில் கூப்பிட்டுச் சாபம் விட்டாள். வெள்ளிங்கிரி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, கபடி பற்றி, காப்பி பற்றி, செத்துப்போன சித்தப்பாவின் தென்னந்தோப்பு பற்றித் தகராறு செய்தான். ஆரம்பத்தில் அவரும் திருப்பிக் கொடுத்தார். நாளாக ஆக அவருடைய பக்கத்து வாக்கியங்கள் குட்டையாகின. அவன் அவற்றை முடிக்கவிடாமல் அவசரமாக வெட்டினான். வெட்டுவதற்கு வாக்கியம் இருந்தாக வேண்டுமே என்ற பயம் அவனுக்கு.

அன்று மத்தியானம் வெயில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றது. டிவியில் ஆட்டம். நாகமணி சமையலறையிலிருந்து, இந்த வீட்டில் மனுசி இருப்பாளா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆறுச்சாமியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவர் நாக்கால் அதைத் தடவப் பார்த்தார். எட்டவில்லை.

வாயைத் தொறந்து கேக்கறதுக்கு என்ன கேடு என்று வெள்ளிங்கிரி கத்தியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது. டம்ளரை எடுத்தான். அப்பாவின் தலையை ஒரு கையால் தூக்கினான். அது குழந்தையின் தலை மாதிரிக் கனமே இல்லாமல் வந்தது.

"அப்பா... கொஞ்சம் தண்ணி குடிக்கறீங்களா?"

வர்ணனையாளர் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை.

சமையலறையில் நாகமணியின் குரல் அறுந்தது. வெள்ளிங்கிரி டிவியைப் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை; மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது.

அப்போதுதான், பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக எப்போதும் கேட்கும் சீரியல் நின்றது. மேல்மாடியில் யாரோ போட்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. கீழ் வீடு. அடுத்த கட்டடம். எதிர்சாரியில் பேக்கரியில் ஓடிக்கொண்டிருந்த செய்தி. ஒவ்வொன்றாக, யாரோ நடந்துபோய் விளக்கை அணைப்பதுபோல, தெருவின் கடைசிவரை.

வெள்ளிங்கிரிக்குப் புரிந்தது. அது வழக்கத்தின் மீதிப் பாதியையும் கற்றுக்கொண்டுவிட்டது: சாவு வீட்டுக்காகத் தெருவும் அடங்க வேண்டும்.

தெருவில் இவ்வளவு அமைதியை அவன் கேட்டதே இல்லை. அதனால் மாடிப்படியில் காலடிகள் தெளிவாகக் கேட்டன. யாரும் பேசவில்லை. ஒருவர், பிறகு இன்னும் சிலர். வந்து வாசலில் நின்றார்கள். செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஆறுச்சாமி இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார். உதட்டை நனைத்துக்கொண்டு, வாசல் பக்கம் காதைச் சாய்த்தார்.

"யார்றா வந்திருக்கறது?" என்று கேட்டார்.